ஆபுத்திரன் தோண்டாத ஊற்று

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், எங்கள் சந்தின் முனையில் இருக்கும் தெருக்குழாய்க்குத் திருகு கிடையாது. காலையில் தண்ணீர் விட்டார்களென்றால், நிறுத்தும்வரை கொட்டிக்கொண்டேயிருக்கும். கீழே குடம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. இது குடிநீர். இதற்கும் மேலே, கல்கத்தாவின் பழைய தெருக்களில் வடிகட்டாத கங்கைத் தண்ணீருக்கென்றே தனிக்குழாய் உண்டு. நடைபாதையோரம் செம்மண் நிறத்தில் பீறிடும் அதில் டாக்ஸி கழுவுவார்கள். ரிக்‌ஷாக்காரர் சோப்புப் போட்டுக் குளிப்பார்.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் பிறந்தவள். எங்கள் ஊருக்குக் கங்கை சின்னச் செப்புச் சொம்பில், வாய் அடைபட்டு, வடநாட்டு யாத்ரீகர்களின் மடியில் வரும். ராமநாத சுவாமிக்கு அதை அபிஷேகம் செய்வதைத் தள்ளி நின்று கும்பிட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரா இங்கே சாக்கடையில் ஓடுகிறது?

நாற்பது வருஷத்தில் கூச்சம் போய்விட்டது. வேறொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வைசாக மாதம் பிறந்தால் இங்கே நடைபாதையில் ஜலசத்ரா போடுவார்கள். நம் தண்ணீர்ப்பந்தல்தான். மண்பானைத் தண்ணீர், கையில் இரண்டு பதாசா மிட்டாய், சில இடங்களில் ஊறவைத்த கடலையும் வெல்லமும். வீட்டில் துளசிக்கு மேலே அடியில் ஓட்டை போட்ட சிறு பானையைக் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக விழ வைப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர்ச் சிவனுக்குத் தாராபாத்திரம் வைப்பதுபோல. நானும் வருஷாவருஷம் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்று தம்ளர் நீட்டுகிறேன். வாங்கிக் குடிப்பவன் முகம் மலரும்போது மனசு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியின் மேல்தான் என் சந்தேகம். பத்தடி தள்ளிக் குழாய் சும்மா கொட்டுகிறது. அதிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு கொடுத்ததில் எனக்கு என்ன குறைந்தது? ஒன்றும் குறையாதபோது அதற்குப் பெயர் தானமா?

இந்தக் கேள்வியோடு திரும்பத் திரும்ப மணிமேகலைக்குப் போவேன். சாத்தனார் சொன்ன ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அவன் பெருமையைப் பார்த்து இந்திரன் வரம் தர வந்தான், ஆபுத்திரன் சிரித்தான். கோபித்த இந்திரன் செய்த தண்டனை என்ன தெரியுமா? மழை பெய்வித்தான்! நாடு செழித்தது, பசியே இல்லாமல் போயிற்று, ஆபுத்திரனிடம் ஏந்த ஒரு கை இல்லை. தேவர்கள் பழிவாங்கிய கதைகளில் இதைப்போல நுட்பமானது இன்னொன்றை நான் படித்ததில்லை. பிறகு சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு, குறையாத பாத்திரம். அவன் தனக்கென்று ஒரு கவளம் எடுக்கவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர்விட்டான்.

மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் என்று சொல்வார்கள். எதுவானாலும், படிக்கும்போது என் கண்ணில் எழுவது எங்கள் தீவுதான். உடைமரம், பனை, வெள்ளை மணல், வைகாசியில் கச்சான் காற்று அடித்து வாசலெல்லாம் மணல் மேடு. சோற்றில் மணல் நறநறக்கும். ஐப்பசி கார்த்திகையில் பெய்ததுதான் மழை. அதற்குப்பின் வானம் கையை விரித்துவிடும். அப்பத்தா வெயிலுக்கு முன்னே எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு மணலுக்குப் போவாள். முழங்கை ஆழம் தோண்டினால் ஊத்து. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, குழிக்குள் நல்ல தண்ணீர் மெல்லக் கசிந்து நிற்கும். சிரட்டையால் கோதிக் குடத்தில் விடவேண்டும். கலக்கக்கூடாது. அவசரப்பட்டு நான் வழித்தால் கையில் ஓர் அடி விழும். ஒரு குடம் ஆனதும், குழியில் இன்னும் ஊறிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிடுவாள்.

"இன்னும் இருக்கே அப்பத்தா?"

"இருக்கும். நாளைக்கும் இருக்கணும்ல."

அவள் செய்ததன் கணக்கு எனக்கு வெகுநாள் கழித்து, மகனின் பாடப்புத்தகத்தில் கிடைத்தது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசாக இருப்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே ஓரடி இறங்க விட்டால் அடியிலிருந்து 40 அடிக்கு உப்பு ஏறிவிடும். அப்பத்தாவுக்கு அந்த 40 தெரியாது. சிரட்டையை எப்போது வைப்பது என்று தெரியும்.

அவள் யாருக்கும் தண்ணீர்ப்பந்தல் போட்டதில்லை. போட முடியாது. ஆனால் அவள் மொள்ளாமல் விட்டு வந்த தண்ணீரை, பின்னால் வந்த யாரோ ஒருத்தி மொண்டிருப்பாள். கொடுத்தவள் யாரென்று வாங்கியவளுக்குத் தெரியாது. கொடுத்தோம் என்று கொடுத்தவளுக்கும் தோன்றாது. நம் நூல்கள் ஈகையைப் புகழ்ந்த அளவுக்கு இந்த நிறுத்தலைப் புகழவில்லை என்பது என் குறை. சமணர்களோ மிகுதியாகப் பற்றிக்கொள்ளாமையை ஒரு விரதமாகவே வைத்தார்கள். எனக்கு அமுதசுரபியைவிட ஊத்து பெரிய குருவாகப் படுகிறது. தீராத பாத்திரத்தோடு நல்லவனாக இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

ஆபுத்திரனை இப்படி மட்டம் தட்டுவது நியாயமா என்றும் தோன்றும். அந்தத் தீவில் பாத்திரம் தீரவில்லை, மனிதர்கள் தீர்ந்துவிட்டார்கள். தனியாக உண்பதில்லை என்று அவன் அங்கே நிறுத்தினான் அல்லவா? குறையாததை வைத்துக்கொண்டும் கையை மடக்கினானே! அப்பத்தா பக்கம்தான் அவனும் நிற்கிறானோ என்னவோ. மறுபிறவியில் சாவகத்து அரசனாகி, மணிமேகலையோடு அதே தீவுக்கு வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய எலும்பைத் தானே பார்த்தான். விட்டுப்போனவர்களும் தேடித் திரும்பிவந்து அங்கேயே மாண்டிருந்தார்கள். அவர்கள் எலும்பும் பக்கத்தில் கிடந்தது. அந்தக் காட்சியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அதே மணலில் அன்று அவன் ஊத்துத் தோண்டியிருக்கலாமே என்று அசட்டுத்தனமாக நினைப்பேன். பொய்கை இருக்கும் தீவில் ஊத்து எதற்கு?

அமுதசுரபி வருஷத்துக்கு ஒருமுறை, புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமியன்று, பொய்கையில் மேலே வரும் என்பது காப்பியம். இங்கே அந்த நாளில் காலேஜ் ஸ்கொயரில் இருக்கும் தர்மராஜிக விகாரைக்குப் போவேன். இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலர் முயற்சியில் 1920இல் எழுந்த விகாரை அது. போன வருஷம் கிளம்பும்போது, வழக்கம்போலத் தெருக்குழாயின் வாயில் கந்தைத் துணியைச் சுருட்டி அடைத்தேன். டீக்கடைப் பையன் பார்த்துவிட்டான்.

"கங்கை தீர்ந்துபோகுமா மாஷிமா?" என்று சிரித்தான்.

சாயங்காலம் திரும்பும்போது துணி நடைபாதையில் கிடந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நாய் குடித்துக்கொண்டிருந்ததால், அது முடிக்கும்வரை நின்றேன்.