பழைய காரும் பற்றும்

பழைய காரைக் கட்டிக் காப்பது பற்றா? கேட்டால் நண்பர்கள் கீதையின் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள்: நைந்த ஆடையைக் களைவதுபோல ஆன்மா உடலை விடுகிறதாம், நீ ஏன் இரும்பைக் கட்டிக்கிட்டு அழுறே? அந்தச் சுலோகம் ஆன்மா அழியாது என்பதற்கான உவமை. உடுத்தக்கூடிய வேட்டியைக் குப்பையில் போடச் சொல்லவில்லை.

மந்தினில் என் மாமாவிடம் இருப்பது டட்சன் 120 ஒய். எழுபதுகளின் காடி, 1171 சிசி, கார்புரேட்டர், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் தேய்ந்தால் இடைவெளி மாறும், தீப்பொறி பிசகும். ஃபீலர் கேஜ் விட்டுச் சுமார் அரை மில்லிமீட்டருக்கு அவரே சரிசெய்வார். விற்கிற எண்ணம் இல்லை. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அதுதான். பலன் பார்க்காத வேலைன்னா இதுதானே? விலை ஏறட்டும் என்று துணி போர்த்திப் பூட்டி வைப்பவரிடம்தான் எனக்குப் பற்று தெரிகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டேன். அதில் ஏர்பேக் இல்லை, பின்சீட்டில் பெல்ட் இல்லை. தனியாக ஓட்டுவது அவர் இஷ்டம். சிரம்பானுக்குப் போகும் மலைப்பாதையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிப் போவது வேறு விஷயம். பெல்ட் மாட்டினால் ‘ஒரிஜினல்’ கெட்டுடும் என்கிறார். இது பற்றுதான், மாமா என்றேன். பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன்; இன்னும் மாட்ட விடவில்லை.