முகமறியாக் குழந்தைக்கு அரசின் கடமை

ஒருவர் தம் உழைப்பில் ஈட்டிய பொருளை எளியவருக்கு வழங்கினால் அது தானம். ஆனால் ஓர் அரசு, தன் குடிமக்களிடம் வரியாகத் திரட்டிய பணத்தை முகமறியாத அயல்நாட்டுக் குழந்தைக்கு அனுப்பலாமா? உள்நாட்டில் பசித்திருக்கும் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? இரக்கமற்றவர்களே இப்படிக் கேட்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வரி செலுத்தும் ஏழைத் தொழிலாளிக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களை மனத்திற்கொண்டு பீட்டர் சிங்கர் என்ற இளம் ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் அவ்வாண்டு எழுதிய கட்டுரை 1972-இல் வெளிவந்தது. ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காண்பவன், உடையில் சேறு படியுமே என்று தயங்கலாமா? குழந்தை அருகில் இருந்தால் ஒரு நீதி, பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்தால் வேறொரு நீதியா? இதுவே அவர் எழுப்பிய வினா. பிற நாடுகள் பலவற்றைவிட அதிகம் கொடுத்த பிரிட்டன்கூட, அந்த அகதிகளுக்கு அளித்ததைப் போல் பதினெட்டு மடங்குக்கும் மேலான தொகையைக் கான்கார்டு விமானத் திட்டத்தில் திரும்பப் பெற முடியாதபடி செலவிட்டிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார்.

அதே அகதிகளிடையே காலரா பரவியது. பங்கான் முகாமில், நரம்பு வழியே ஏற்றும் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. இக்கரைசலுக்கு அடிப்படையான ஆய்வுகள் பல, அயல்நாட்டு உதவியுடன் 1960-இல் டாக்காவில் தொடங்கிய காலரா ஆய்வுக்கூடத்தில் நடந்தவை. 1990-இல் உலகில் ஐந்து வயதுக்குள் மாண்ட குழந்தைகள் ஒரு கோடியே 25 லட்சத்துக்கும் மேல். 2022-இல் அது 50 லட்சத்துக்கும் கீழ். இதில் பெரும்பங்கு ஏழை நாடுகளின் சொந்த முயற்சிதான். ஆயினும் அயலார் தந்த பணமும் அறிவும் அதில் கலந்திருக்கின்றன.

1970-இல் ஐ.நா. பொதுச்சபை, செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை அளிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. நூறு ரூபாயில் எழுபது காசு! சுவீடன், நார்வே, டென்மார்க் போன்ற சில நாடுகளே அதை எட்டின. 2013-இல் எட்டிய பிரிட்டன், 2015-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது, 2021-இல் 0.5-க்குக் குறைத்தது, 2027-க்குள் 0.3-ஆக்கப் போவதாக 2025-இல் அறிவித்தது. அமெரிக்கா, 1961 முதல் இயங்கிய தன் உதவி நிறுவனத்தையே 2025-இல் மூடிவிட்டது. தானம் மனம்போல் கூடலாம், குறையலாம். ஏற்றுக்கொண்ட கடமை அப்படிப்பட்டதன்று. பாதியில் நின்றுபோகும் மருந்து, தொடங்காத மருந்தைவிடக் கொடியது.

உதவிப் பணம் களவு போகிறதே என்பர். கணக்குக் கேட்பது முறை. அதையே சாக்காக்கிக் கைவிடுவது முறையன்று. தொழிலாளியின் கேள்விக்கும் விடை உண்டு. அந்த எழுபது காசை அவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கான்கார்டு போன்ற பெருமைகளுக்குப் பணம் கண்ட அரசுகள், அதே பெட்டியில் கைவிட்டுப் பார்க்கலாம்.