கணிதம் வராத பிள்ளை

"இந்தப் பிள்ளைக்குக் கணிதம் வராது." ஆசிரியர் அறைகளில் இந்தத் தீர்ப்பை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், சில வேளை நாமே வழங்கியும் இருக்கிறோம். நாம் தமிழ் கற்பிப்பவர். ஆயினும், ஒரு பிள்ளையின் வாழ்வை முடிவு செய்யும் வாக்கியத்தை எவ்வாறு கேட்டும் கேளாமல் இருப்பது?

இத்தீர்ப்பு பெரும்பாலும் அட்சரகணிதம் தொடங்கும் வேளையிலேயே பிறக்கிறது. எண் கணக்கில் தட்டுத் தடுமாறியேனும் நடந்துவந்த பிள்ளை, எண்ணிருந்த இடத்தில் எழுத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறது. காரணம் என்ன? 8 + 4 = □ + 5 என்னும் கணக்கை அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் கொடுத்துப் பார்த்தனர். 1999ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, பெட்டிக்குள் 7 என்று எழுதியவர் ஒருவருமில்லை. அனைவரும் 12 அல்லது 17 என்றே விடை தந்தனர். சமக்குறியை 'இனி விடையை எழுது' என்னும் கட்டளையாகவே அவர்கள் பழகியிருந்தனர்.

கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் தராசின் முன் நின்ற பிள்ளைக்கு, இரு தட்டும் ஒத்து நிற்றலே நேர்மை என்பது தெரியும். அந்தத் தராசுதான் இந்தக் குறி என்று காட்டத் தவறியவர் நாமன்றோ? ஆயத்தம் செய்யாத குற்றம் நம்முடையது. தண்டனை மட்டும் பிள்ளைக்கு. இது நீதியாகுமா?

1945ஆம் ஆண்டில் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. ஆனால், தவறவிட்ட ஆயத்தம் இன்று விலைப்பொருளாகிவிட்டது. வெள்ளவத்தையிலே காலி வீதியை அடுத்த ஒழுங்கைகளில் மாலை வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. துறைமுகத்தில் நாட்கூலிக்கு உழைப்பவரின் பிள்ளைக்கோ, சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கட்டாயப் பாடமாயிருக்க, கிடைப்பது நமது தீர்ப்பு மட்டுமே.

மொழியைக் குறைகூறவும் வழியில்லை. 1855ஆம் ஆண்டிலேயே கறோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' யாழ்ப்பாணத்தில் அச்சேறிவிட்டது. வீசம் என்பது பீசம், அதாவது விதை. விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்த வேண்டும் என்பதை உழவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ரொபர்ட் மோசஸ், 1982இல் அவர்தம் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். வாக்குரிமையைப் போலவே இதையும் குடியுரிமையாகக் கண்டவர் அவர். பிள்ளைகளை முதலில் இரயிலில் ஏற்றினார். கண்டதைச் சொந்தச் சொல்லில் எழுதச் செய்தார். குறியீடு அதன் பின்னரே வந்தது. நமக்கும் இரயில் உண்டு. வெள்ளவத்தை நிலையத்தைப் பூச்சியம் என்க. கோட்டைப் பக்கம் பம்பலப்பிட்டி நேர் ஒன்று. மறுபக்கம் தெகிவளை மறை ஒன்று. இதற்குப் பணம் வேண்டுமா? மனம் போதும்.

எல்லாப் பிள்ளைகளும் கணித மேதைகளாவர் என்று நாம் கூறவில்லை. ஆற்றல்கள் வேறுபடும். ஆனால், பண்படுத்தாத நிலத்தை மலடென்று பழித்தல் அறமன்று. அடுத்த முறை அந்த வாக்கியம் நம் நாவில் எழும்போது, 'இப்பிள்ளைக்கு நாம் என்ன ஆயத்தம் செய்தோம்?' என்று நம்மையே முதலில் கேட்போம். அதற்கு விடை சொல்லும் வரை, தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கில்லை.