பசியும் அறமும்

பசித்தவனுக்கு அறம் உண்டோ எனச் சிலர் வினவுகின்றனர். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஸ்லீட்டர் 1974-இல் இளைஞருக்காக எழுதிய ‘படிக்கட்டுகளின் இல்லம்’ எனும் விந்தையான விஞ்ஞான நாவல் இவ்வினாவையே ஆராய்கின்றது.

சுவரும் கூரையும் தோன்றாத, படிக்கட்டுகளே நிறைந்த ஓரிடத்தில் 16 வயதுடைய அநாதைகள் ஐவர் விடப்படுகின்றனர். அங்குள்ள பொறி முதலில் ஆடினால் உணவளிக்கின்றது. பின்னர் ஒருவரையொருவர் துன்புறுத்தினால்தான் அளிக்கின்றது. மூவர் இணங்குகின்றனர். லோலா, பீட்டர் இருவரோ பட்டினியை ஏற்கின்றனர்.

சூழ்நிலையே மனிதனை ஆக்குமாயின் ஐவரும் ஒன்றுபோல் ஆகியிருக்க வேண்டுமன்றோ? பசி ஐவர்க்கும் பொது, முடிவுதான் வேறு. ஆயினும் லோலாவின் உறுதியும் இறுதியில் தளர்கின்றது. அதுவரை அவ்விருவரையும் தாங்கியது அவர்தம் நட்பே. ஆதலின், தீமைக்கு இணங்க மறுப்பவரை நாம் தனியே நிற்க விடாதிருப்போமாக.