திறவுகோல் யார் கையில்?

காஞ்சிக்கு அருகே கூரம் என்றோர் ஊர். பல்லவன் பரமேசுவரவர்மனின் 7ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டால் ஆராய்ச்சியாளர் அறிந்த ஊர். கூரத்தாழ்வானால் வைணவர் அறிந்த ஊர். அந்த ஆழ்வானைப்பற்றி இரண்டு கதைகள் கூறுவர். ஒன்று கதவின் கதை. மற்றொன்று கண்ணின் கதை. செல்வராய் வாழ்ந்த அவரது மாளிகைக் கதவு இரவில் அடைபடும் ஓசை, காஞ்சிக் கோயில்வரை கேட்டதாம். தம் செல்வத்தின் ஆரவாரம் இவ்வளவு தொலைவு செல்கிறதே என்று கூசி, அனைத்தையும் விட்டுத் திருவரங்கம் சென்றாராம். பின்னர், சோழ மன்னன் நீட்டிய ஓலையில் மனமொப்பாமல் கையொப்பமிட மறுத்தாராம். அதன் விளைவாகக் கண்களை இழந்தாராம்.

கதைகளில் வரும் 'ஆம்'களை நாம் நம்பவேண்டியதில்லை. எனினும் அவை எழுப்பும் கேள்விகள் இரண்டு இன்றும் உயிரோடு இருக்கின்றன. கதவை அடைப்பவன் யார்? ஒருவன் கண்மீது ஆணையிட மற்றொருவனுக்கு உரிமை ஏது?

இன்று காஞ்சி வட்டாரத்திலே தறி ஓசை கேட்கும் வீட்டிலும் கைப்பேசி உண்டு; கழனி வேலைக்குச் செல்லும் வீட்டிலும் உண்டு. அந்தச் சிறு கண்ணாடிக்குள்ளே உலகத்தின் அறிவும் இருக்கிறது, அழுக்கும் இருக்கிறது. வயது வந்தோருக்கென்றே நடத்தப்படும் படத் தளங்களும் இருக்கின்றன. அத்தகைய தளங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பெயரைப் பதிந்துகொண்டு நுழைபவர், எதைக் காண்பது, எதை மறைப்பது என்று தாமே அமைத்துக்கொள்ளலாம். பெயர் சொல்லாமல் வருபவருக்கோ, தளத்தை நடத்துவோர் முன்கூட்டியே ஒரு வடிகட்டியைப் பொருத்தி வைத்திருப்பர். சிலவகைப் படங்கள் அவர் கண்ணில் படா. அவர் கேட்கவில்லை, அவரை யாரும் கேட்கவுமில்லை. வரும்போதே அது அங்கே இருக்கிறது. இதைத்தான் முன்னமைப்பு என்கிறோம்.

இது முறையா?

அற்பக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! முகமறியாத ஒருவனுக்காக, அவன் ஒப்புதலின்றி, மற்றொருவன் முடிவு செய்யலாமா என்பதே இதன் உட்பொருள். சாதியும் சாத்திரமும் நம்மைப்பற்றி அப்படித்தானே முடிவு செய்தன! ஆகவே இதைப்பற்றிச் சிந்திக்க நம்மைவிடக் கடமைப்பட்டவர் யார்?

இரு சாரார் விடை கூறுகின்றனர். ஒரு சாரார், "அனைத்தையும் பூட்டு" என்பர். மற்றொரு சாரார், "அனைத்தையும் திற" என்பர்.

பூட்டச் சொல்லும் வைதீகரை முதலில் காண்போம். ஆணும் பெண்ணும் கூடும் கோலத்தைத் தேரிலே செதுக்கி, அந்தத் தேரைத் தெருத்தெருவாய் இழுத்து, குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டியவர் இவர்! அங்கே எந்த வடிகட்டி இருந்தது? மரத்திலே செதுக்கினால் கலை, கண்ணாடியிலே தெரிந்தால் காமம் என்பது எந்தத் தருக்கம்?

பூட்டுவோர் கை எங்கே நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2015 சூலை 31ஆம் நாள் இந்திய அரசு 857 தளங்களை முடக்க ஆணையிட்டது. பட்டியலைப் பார்த்தவர் சிரித்தனர். நகைச்சுவைத் தளங்களும் அதில் இருந்தன. சில நாட்களில் ஆணை தளர்த்தப்பட்டது. 2018இல், உத்தரகண்ட் உயர்நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து, 827 தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. எந்தத் தளம், எந்தக் காரணத்தால் என்று குடிமகனுக்கு விளக்கியவர் யார்?

நம் இயக்கத்தின் ஏடுகளைப் புரட்டினாலும் இதே பாடம்தான். 1950இல் பெரியாரின் 'பொன்மொழிக'ளுக்காகவும் அண்ணாவின் 'ஆரிய மாயை'க்காகவும் இருவரும் சிறை சென்றனர். 1954இல், நடிகவேள் எம். ஆர். இராதா போன்றோரின் நாடகங்களை அடக்கச் சட்டம் வந்தது. மேடையில் பேசப்போவதை முன்னதாக அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றது அது. 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்த்தது. 59 ஆண்டுகள்! தணிக்கைக் கத்தியைச் செய்பவன், அது ஆபாசத்தை மட்டுமே அறுக்கும் என்றுதான் வாக்களிப்பான். அறுபடுவது எப்போதும் வாக்களித்தது மட்டுமன்று.

இதிலே சீர்திருத்தக்காரர் கையும் சுத்தமன்று என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கலாகாது. தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துபழனி என்னும் கணிகைப் பெண், தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்றொரு காவியம் இயற்றினாள். அதை ஆபாசம் என்று இகழ்ந்தவர் பழமைவாதி அல்லர். கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம்! பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அந்நூலை முழுமையாகப் பதிப்பித்தார். வெள்ளையர் அரசு தடை விதித்தது. 1940களில், பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதல்வராய் இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஆண் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் ஆபாசம்! நல்லவர் கையிலும் வடிகட்டி கோணிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியானால் அனைத்தையும் திறந்துவிடுவோமா? அவசரப்பட வேண்டாம்.

பெயர் சொல்லாமல் வருபவர் யார்? நாற்பது வயது நெசவாளராக இருக்கலாம். பத்து வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். தளத்துக்குத் தெரியாது. தெரியாத நிலையில் ஏதேனும் ஒன்றை முடிவு செய்தே ஆகவேண்டும். 'ஒன்றும் செய்யாதிருத்தல்' என்பதும் ஒரு முடிவுதான். அறியாமையில் முடிவு செய்பவனுக்குப் பகுத்தறிவு ஒரே ஒரு வழி காட்டும்: எந்தப் பிழை எளிதில் திருத்தத்தக்கதோ, அந்தப் பிழையின் பக்கம் சாய்ந்து நில்! பெரியவருக்கு மறைத்துவிட்டால், அவர் ஒரு விரலசைவில் திறந்துகொள்வார். இழப்பு ஒரு நொடி. சிறுவனுக்குக் காட்டிவிட்டாலோ, கண்டதைக் காணாததாக்க எவராலும் இயலாது. எனவே, கதவு சாத்தியிருப்பதே முறை என்கிறோம். ஆனால் அது பூட்டிய கதவாக இருத்தலாகாது. சாத்துவது வேறு, பூட்டுவது வேறு.

"சிறுவனும் அதே விரலால் திறந்துவிட மாட்டானா?" என்பீர்கள். திறப்பான். மறுப்பதற்கில்லை. தேடி வருபவனை எந்தக் கதவும் தடுக்காது. சாத்திய கதவு தடுப்பது தடுக்கி விழுபவனை. வேறெதையோ தேடியவன் கண்முன் வேண்டாத காட்சி பாய்வதை. தேடி வருபவனுக்கு வேண்டியது கதவன்று, கல்வி. அதைக் கொடுக்கவேண்டியவர் தளத்துக்காரர் அல்லர், பெற்றோரும் ஆசிரியரும். அந்தப் பொறுப்பைக் கருவியின் தலையில் கட்டிவிட்டுக் கண்ணயர்பவர், குழந்தையைக் காக்கவில்லை. தம் கூச்சத்தைக் காக்கின்றனர்.

இனி, அந்தத் திறவுகோலின் விலை என்ன என்று பார்ப்போம். இங்கேதான் சூது நுழைகிறது.

'ஏ' சான்றிதழ் பெற்ற படம் ஓடும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வாயிற்காவலன் முகத்தைப் பார்ப்பான். சிறுவனென்றால் திருப்பி அனுப்புவான். பெரியவரென்றால் உள்ளே விடுவான். அத்தோடு மறந்துவிடுவான். இன்னார், இன்ன நாள், இன்ன படம் பார்த்தார் என்று பேரேட்டில் எழுதிவைப்பதில்லை. இணையத்துக் காவலனோ முகத்தைக் காணான். ஆகவே அடையாள அட்டையைக் கேட்கிறான். கேட்டதை மறக்கவும் மாட்டான். பிரிட்டனில் 2025 சூலை 25 முதல், இத்தகைய தளங்கள் வருகையாளரின் வயதை உறுதி செய்தாகவேண்டும் என்ற கடமை நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், பெயர்பெற்ற ஓர் உரையாடல் தளத்தில், வயதைக் காட்டக் கொடுத்த அரசு அடையாள அட்டைகளின் படங்கள், ஏறத்தாழ 70,000 பேருடையவை, வெளியே போயிருக்கலாம் என்று அத்தளமே அறிவித்தது. பூட்டுக்குக் காவல் வைத்தார்கள். காவலனிடமிருந்து காப்பவர் யார்?

பெயர் சொல்லாதிருத்தல் கோழைத்தனம் அன்று. வாக்குச் சாவடியிலே நாம் பெயரின்றித்தான் முத்திரை குத்தினோம். புனைபெயரில் எழுதித்தான் எத்தனையோ உண்மைகள் இந்நாட்டில் வெளிவந்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தனர். தன் உடலைப்பற்றி எவரிடமும் கேட்கத் துணியாத இளம் பெண், தன் விருப்பம் ஊர் வழக்கத்தோடு ஒவ்வாததை உணர்ந்து நடுங்கும் வாலிபன் ஆகியோருக்குப் பெயரின்மையே போர்வை. அந்தப் போர்வையைப் பறித்துவிட்டு, "இப்போது தாராளமாய்ப் பார்" என்பது உரிமையா, பொறியா?

மறைப்புப் பட்டியலை எழுதுவது யார் என்பதும் கேட்கத்தக்கது. ஆணும் ஆணும் அன்பு செய்வதைக் குற்றப் பிடியிலிருந்து 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் விடுவித்தது. ஆயினும் சில வடிகட்டிகளில் அது இன்னும் 'அருவருப்பு'. சுமார் 30,000 ஆண்டுப் பழமையுடைய ஆஸ்திரிய நாட்டுக் கற்சிலையின் படத்தை, பெண்ணின் நிர்வாணம் என்று முகநூல் நீக்கியது. 2018இல் அது தவறென்று ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 2013இல் இல்லந்தோறும் வடிகட்டி வந்தபோது, பாலியல் கல்வி புகட்டும் தளங்களும் அதிலே சிக்கின. அறிவையும் ஆபாசத்தையும் பிரித்தறியாத சல்லடை, பாலோடு பாத்திரத்தையும் கொட்டிவிடும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். குழந்தையை வதைத்து எடுத்த படமும், ஒருத்தியின் ஒப்புதலின்றி வெளியிட்ட படமும் இந்த வாதத்துக்குள் வாரா. அவை மறைக்கத்தக்கவை அல்ல, அழிக்கத்தக்கவை. குழந்தைப் படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமே என்று 2024 செப்டம்பர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் உறுதியாய்க் கூறியது. அங்கே கேள்வி பார்ப்பவன் உரிமை பற்றியதன்று. பறிக்கப்பட்டவள் உரிமை பற்றியது. வடிகட்டியை மாட்டிவிட்டுக் கொள்ளைப் பொருளை உள்ளே வைத்திருப்பவன் ஒழுக்கசீலன் அல்லன். திரை போட்ட திருடன்!

கடைசியாக, நம் வீட்டுக்கு வருவோம். முன்னமைப்பின் வலிமை எங்கே இருக்கிறது? பெரும்பாலோர் அதை மாற்றுவதில்லை என்பதிலே இருக்கிறது. பிறந்தபோதே பெயரின் வாலில் சாதி ஒட்டியிருந்தது. மாற்றலாம் என்று பலருக்குத் தோன்றவேயில்லை. 1929இல் செங்கற்பட்டு மாநாடு அதை வெட்டியெறியச் சொன்னபோதுதான் தோன்றிற்று. திருமணமென்றால் புரோகிதர் என்பது முன்னமைப்பாய் இருந்தது. காஞ்சியில் பிறந்த அண்ணாவின் ஆட்சி 1967இல் சட்டமியற்றி, அவரின்றியும் மணம் செல்லும் என்றது. முன்னமைப்பை மாற்றலாம் என்று மக்களுக்கு உணர்த்தியதே நம் இயக்கத்தின் தொண்டு.

அந்த இயக்கத்தின் பிள்ளைகளாகிய நாம், நம் வீட்டில் செய்வது என்ன? மகன் கையிலே கைப்பேசி, நள்ளிரவிலும் கேள்வியில்லை. மகள் கையிலே அது இருந்தால், "யாரோடு பேச்சு?" என்று பிடுங்குகிறோம். அவனுக்குத் திறந்த கதவு. அவளுக்குப் பூட்டிய கதவு. திறவுகோல் அண்ணன் இடுப்பிலே! மேடையிலே பெண்ணுரிமை பேசி, வாயிற்படியிலே சாத்திரம் காக்கும் இந்த வடிகட்டியை நமக்குள் பொருத்தியவர் யார்? எந்த நிறுவனமும் அன்று, நாமேதான். தளத்துக்காரனிடம் நீதி கேட்கும் தகுதி, இதைக் கழற்றி எறிந்தபிறகே நமக்கு வரும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. அறியாதவர்க்குக் கதவு சாத்தியிருக்கட்டும். சாத்தியிருப்பது அவருக்குத் தெரியட்டும். எதை, ஏன் மறைத்தோம் என்று வாயிலிலேயே எழுதியிருக்கட்டும். திறப்பதற்குப் பெயரும் எண்ணும் விலையாகாதிருக்கட்டும். வளரும் பிள்ளைக்கு, மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல, உடலைப்பற்றியும் ஒப்புதலைப்பற்றியும் உண்மை சொல்லித்தருவோம். கூரத்துக் கதவின் ஓசை தெய்வத்தின் காதில் விழுந்ததோ இல்லையோ, நம் வீட்டில் மகளின் முகத்துக்கு நேரே அடைபடும் கதவின் ஓசை நம் காதில் விழவேண்டும். அது விழுந்தால் போதும். திறவுகோல் யார் கையில் இருக்கவேண்டும் என்பது தானே விளங்கும்.