நம் பிள்ளைகளின் அறிவும் ஓர் அமானிதமே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் வியாபாரிகள். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே பழையதா புதியதா என்று சொல்லிவிடுவோம். துணியை விரலால் தடவியே அதன் தரத்தை அறிவோம். எவர் கடனைத் திருப்பித் தருவார், எவர் இழுத்தடிப்பார் என்பது முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நமக்குத் தெரிந்துவிடும். இத்தனை கூர்மையான கண்ணை நமக்கு அருளிய அல்லாஹ், நம் வீட்டிலும் கடையிலும் வளரும் பிள்ளைகளுக்குள் தான் வைத்த அறிவை நாம் ஏன் காணவில்லை என்று மஹ்ஷரில் கேட்கமாட்டானா? பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பத்து வெள்ளி தொலைந்தால் பதறுகிறோம். அல்லாஹ் கொடுத்து வைத்ததைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோமே, இது நியாயமா?

பிறருக்கு உபதேசிக்குமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுவதே முறை. 2010-ஆம் ஆண்டளவில் கிள்ளானில் நம் கடைத் தொழிலாளி ஒருவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருந்தான். பள்ளி விட்டதும் கடைக்கு வருவான். பற்றுவரவு நோட்டில் நாம் எழுதிக்கொண்டே போவோம். அவன் எதிரே நின்று, எழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுவான். நாம் மகிழ்ந்து ஐந்து வெள்ளி கொடுத்தோம். ஒரு நாள் அவனுடைய ஆசிரியை கடைக்கே வந்து, “பாய், இவன் சாதாரணப் பிள்ளை இல்லை. பாங்கியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பதிந்து எழுத வேண்டும். இவன் வீட்டில் அந்த வசதி இல்லை. நீங்கள் உதவ வேண்டும்” என்றார். அது நோன்பு மாதம். பெருநாள் வியாபாரம் தலைக்கு மேல் இருந்தது. “பெருநாள் கழியட்டும், பார்ப்போம்” என்றோம். பெருநாள் கழிந்தது. நாம் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை இன்று வாலிபனாகி நம் கல்லாவில்தான் அமர்ந்திருக்கிறான். கணக்கில் இதுவரை ஒரு காசு பிசகியதில்லை. மற்றவர்கள் அதைப் புகழும்போதெல்லாம் நம் நெஞ்சு குறுகுகிறது. ஹலாலான எந்தத் தொழிலும் இழிவல்ல. ஆனால் அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம்தான் அவனை அங்கே உட்காரவைத்தோம்.

சகோதரர்களே! நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. கலீபா உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட பெரியவர்களின் சபையில் இளம் பிராயத்தினரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர்த்தினார்கள். அவர் வயதில் நமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலருக்குக் குறை. உமர் (ரலி) அவர்கள் விவாதிக்கவில்லை. ஸூரத்துன் நஸ்ரின் கருத்து என்னவென்று சபையில் கேட்டார்கள். பெரியவர்கள் வெளிப்படையான பொருளைச் சொன்னார்கள்; சிலர் மௌனமாக இருந்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களோ, நாயகம் (ஸல்) அவர்களின் பிரிவு நெருங்கிவிட்டதை அது அறிவிக்கிறது என்று உட்பொருளை விளக்கினார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நாம் பிள்ளையிடம் மனப்பாடத்தைக் கேட்கிறோம்; உமர் (ரலி) அவர்களோ விளக்கத்தைக் கேட்டார்கள். மனனமும் சிறப்பே. எனினும் “ஏன்?” “எப்படி?” என்று கேட்டால்தான் பிள்ளையின் அறிவின் ஆழம் தெரியும்.

அறிவைக் கண்டுகொண்டால் மட்டும் போதுமா? இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் பட்டு வியாபாரம் செய்தவர்கள். நம்மைப் போல் ஒரு கடைக்காரர்! அவர்களுடைய பாடத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஏழை மாணவரை, குடும்ப வறுமையின் காரணமாகத் தந்தை நிறுத்திவிட்டார். மாணவர் வராததை இமாமவர்கள் கவனித்தார்கள், விசாரித்தார்கள், நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்து, பாடத்தை விடாமல் வரும்படி சொன்னார்கள். அது தீரும் சமயம் பார்த்து, அவர் கேளாமலே மீண்டும் கொடுத்தார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். அந்த மாணவரே இமாம் அபூயூஸுப் (ரஹ்). பின்னாளில் கலீபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் காழிகளுக்கெல்லாம் தலைமைக் காழியாக அமர்ந்தவர். ஒரு வியாபாரி வராத மாணவரைத் தேடியதால் உம்மத்துக்கு ஒரு இமாம் கிடைத்தார்!

நம் காலத்துக்கு வருவோம். இராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் பெற்றும், கட்டப் பணமில்லாமல் நின்றார். அவருடைய சகோதரி தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தத் தம்பி 2002-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். அறிவைக் கண்டவர் தம் கையிலிருப்பதைக் கழற்றிக் கொடுத்தார். நாமோ ஒரு மாலைப் பொழுதைக் கூடக் கொடுக்கவில்லை.

இந்நாட்டிலும் வழிகள் திறக்கப்பட்டன. 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு பி.டி.எஸ். என்ற தேர்வு நடந்தது. தேறியவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம். பின்னர் அது கைவிடப்பட்டது. அறிவு முந்தினாலும் பிள்ளையின் மனமும் பக்குவமும் உடன் ஓடிவர வேண்டுமல்லவா? ஆகவே பிள்ளையை வகுப்பைத் தாண்டவைப்பது மட்டுமே சேவை என்று எண்ணற்க. 2009-இல் பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பெர்மாத்தா பிந்தார் திட்டம் தொடங்கிற்று. இணையம் வழியே முதல் தேர்வு, தேறியோருக்கு மறு தேர்வு, அதன்பின் விடுமுறை முகாம் என்பது அதன் முறை. பிறகு அங்கேயே அத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியும் அமைந்தது. இன்று அது ஜீனியஸ் பிந்தார் நெகாரா என்ற பெயரில் விளங்குகிறது. கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் பாங்கி வெகு தூரமா? சரக்கு எடுக்க இதைவிடத் தூரம் நாம் போவதில்லையா?

ஆறாம் ஆண்டில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டது. எனவே ஒரு மதிப்பெண் தாள் வந்து நம் பிள்ளையின் தகுதியைச் சொல்லும் என்று காத்திராமல், நாமே கவனிக்க வேண்டும். பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் குறும்பு செய்பவனைக் கெட்டவன் என்று தள்ளாதீர்கள்; வேலை போதாமல் தவிக்கும் அறிவாக இருக்கலாம். மலாய் மொழியில் தடுமாறும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். கணக்கில் அவன் சிங்கமாக இருக்கலாம். வாய் திறவாத பெண் பிள்ளையையும் கேளுங்கள். மகனைத் தேடும் கண் மகளைத் தாண்டிப் போகக் கூடாது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. தவணைக்கு ஒரு முறையேனும் கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டுமல்ல, உங்கள் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். மத்ரஸா உஸ்தாதுமார்களும் கூர்மையான பிள்ளையைக் கண்டால் ஜமாஅத்தாரிடம் சொல்லட்டும். நம் சங்கத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், படித்த வாலிபர் ஒருவர், வாரத்தில் இரண்டு மாலைகள்: இவ்வளவு போதும். செலவை ஸதகாவாகக் கருதி நாம் பகிர்ந்துகொள்வோம். முதல் பங்கைத் தர நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டோம்.

“பெருநாள் கழியட்டும்” என்று மட்டும் சொல்லாதீர்கள், சகோதரர்களே! பெருநாள் ஆண்டுதோறும் வரும். ஒன்பது வயது ஒரு முறைதான் வரும்.

யா அல்லாஹ்! நீ எங்களிடம் ஒப்படைத்த அமானிதங்களைக் காணும் கண்ணையும், பேணும் மனத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.