செவ்வாயின் வானம் என்ன நிறம்?

கண்ணால் கண்டதே மெய் என்போம். ஆனால் மனிதக் கண் எதுவும் செவ்வாய்க் கோளின் மண்ணில் நின்று பார்த்ததில்லை. அங்கிருந்து வந்த படங்களைப் பார்த்துவிட்டுச் 'செவ்வாயைக் கண்டோம்' என்கிறோம். மெய்யாகவே நாம் கண்டது எதனை?

1965 ஜூலையில் மாரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயை ஒட்டிப் பறந்தது. அது அனுப்பியவை எண்களே. படம் ஒன்றுக்கு 40,000 புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் ஓர் எண். ஒரு படம் வந்துசேர எட்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. கலிபோர்னியாவின் பாசடேனா ஆய்வுக்கூடத்தில் பொறியாளர் சிலருக்கு, கணினி படத்தை ஆக்கித் தரும்வரை பொறுக்க இயலவில்லை. எண்கள் அச்சான தாள் நறுக்குகளை வரிசையாகப் பொருத்தி, இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என வகுத்துக்கொண்டு, வண்ணக் கட்டிகளால் கையாலேயே தீட்டினார்கள். பழுப்பும் செம்மையும் அவர்கள் தேர்ந்தவை; விண்கலம் நிறம் எதையும் சொல்லவில்லை. எனினும் இதனைப் பொய் என்று கூற நமக்கு நா எழவில்லை. வண்ணத்தினூடே எண்கள் தெரியும்படியே அல்லவா அவர்கள் தீட்டினார்கள்!

1976இல் நிகழ்ந்தது வேறு. ஜூலை 20 அன்று வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. மறுநாள் முதல் வண்ணப்படம் வந்தது. முதலில் வெளியான வடிவில் வானம் நீலம் தோய்ந்திருந்தது. ஏதோ நமது பாலைநிலம் ஒன்றைப் போல. கலத்தின் கருவி சிவப்பு, பச்சை, நீலம் என ஒளியைத் தனித்தனியே அளந்தது. அவற்றை எந்த விகிதத்தில் கலப்பது என்பது பூமியில் இருந்தவர்களின் முடிவு. அறிந்த வானத்தின் பக்கமே அவர்கள் கை சாய்ந்தது. வஞ்சகம் எதுவும் இல்லை, பழக்கந்தான். புதிதாய் அறிமுகமாகும் மனிதரையும் நாம் இப்படித்தானே தீட்டிவிடுகிறோம்?

கலத்தின் மீதே வண்ண அட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் நிறம் ஐயமற அறியப்பட்டது. அவற்றை வைத்துச் சரிபார்த்தபோது, காற்றில் மிதக்கும் நுண்தூசியால் வானம் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சட்பழுப்பு என்று தெரியவந்தது. திருத்தத்தை அறிவித்தபோது கூடியிருந்த செய்தியாளர்கள் ஏமாற்றக் குரல் எழுப்பினார்கள், விளையாட்டாகத்தான்.

அந்தக் குரலில் நம் குரலும் கலந்திருக்கிறது. நமக்கு உவப்பான படம் கையில் இருந்தது. அதனை மறுத்துரைக்க அங்கே வேறு சாட்சி இல்லை. நேரில் சென்று பார்த்துவரவும் எவராலும் இயலாது. திருத்தாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்? ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் அவர்கள் தம் படத்தைத் தாமே திரும்பப் பெற்றார்கள். மனச்சான்றைப் பற்றி நாம் பேசும்போது அறிவியலாரின் இச்செயலை ஏனோ நினைப்பதில்லை.

2005 மே மாதம் ஸ்பிரிட் என்னும் ஊர்தி, குசெவ் பெரும்பள்ளத்தின் விளிம்புக்குப் பின்னே கதிரவன் மறைவதைப் படமெடுத்தது. மங்கிய அவ்வானில், சின்னஞ்சிறு கதிரவனைச் சுற்றி மட்டும் நீலம் படர்ந்திருந்தது.